பத்து மணிக்கு மேல்

காலை ஆறு மணிக்குக் கண் விழித்துவிடும்.
கை விழிக்கப் பத்தாகும்.
அதுவரை எய்விஸ் கார்க்கம்
வெந்நீர்ச் சட்டிக்குள் விரல்களைப் போட்டுவிட்டு
வெந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல்
எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.
ஜன்னலுக்கு அப்பால் லூனன்பர்க் துறைமுகம்
மூடுபனிக்குள். சங்கு மட்டும் ஊதும்.

டெல்மர் சிப்பி அள்ளும் படகில் போகிறவன்.
ஒரு தடவை போனால் பன்னிரண்டு நாள்.
கிளம்புவதற்கு முந்தைய இரவு
சமையல் மேசையில் விளக்கை இழுத்து வைத்து
கயிறு இழுத்துக் காய்த்த பெருவிரல்களால்
ஊசி ஊசியாக நூல் கோப்பான்.
நுனியை எச்சிலில் நனைத்து, ஒரு கண்ணை மூடி,
கெட்ட வார்த்தை ஒன்று சொல்லி, கோப்பான்.
நாளைக்கு ஐந்து. மொத்தம் அறுபது.
திரைச்சீலை ஓரத்தில் வரிசையாகக் குத்தி வைப்பான்.
போய் வருகிறேன் என்று சொல்லும் வழக்கம்
அந்த வீட்டில் கிடையாது.

முடக்குவாதம் வந்து ஒன்பது வருஷம்.
பெயரிலேயே வாதம் இருக்கிறது;
ஜாடி மூடி, கோட்டுப் பொத்தான் எல்லாவற்றுக்கும்
ஒரு மறுவாதம் வைத்திருக்கிறது.
விரல்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்துவிட்டன,
கடற்காற்றுக்கு வளர்ந்த மரங்கள் மாதிரி.
வெள்ளி விரலுறை கணுவைத் தாண்டுவதில்லை.
டெல்மரின் பழைய தோல் கையுறையில்
ஒரு விரலை வெட்டி மாட்டியிருக்கிறாள், மீன் வாடையோடு.
ஊசியைப் பிடித்து இழுக்க, வெடித்த பலூன் துண்டு,
பக்கத்து வீட்டுப் பையனின் பிறந்தநாளில் மிஞ்சியது,
சிவப்பு.

வெள்ளிக்கிழமை இரவு மாத்திரை.
சனிக்கிழமை வாய் முழுக்கச் செம்புக்காசு.
அன்று தையல் இல்லை.

அக்கா வர்னீஸ் மெஷின் ஒன்றை அனுப்பியிருந்தாள்.
நல்ல மெஷின். துண்டுகளை அதில்தான் இணைத்தாள்.
மேல்துணி, நடுவே கம்பளிப்பஞ்சு, அடித்துணி,
மூன்றையும் சேர்த்துக் குத்தித் தைப்பதை மட்டும்
அதற்குக் கொடுக்கவில்லை.
ஏன் என்று டாக்டர் கேட்டார்.
தெரியாது என்றாள். உண்மையிலேயே தெரியாது.
பத்துக்கு எத்தனை வலி என்றும் கேட்டார்.
ஏழு என்றாள்.
சட்டத்துக்கு அடியில் இடது நடுவிரல்
ஊசிமுனைக்காகக் காத்திருந்து வாங்கும்
அந்தச் சின்னக் குத்தலை
அவள் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்தப் போர்வை அவளுக்கே.
கடையில் வாங்கிய கம்பளி
இரவில் கால்விரல்கள்மேல்
ஓர் ஆள் உட்கார்ந்த கனம் கனக்கிறது.
அதனால் பழைய சட்டைகளின் பருத்தி,
ஊதினால் பறக்கும் பஞ்சு.
தையல் போகவேண்டிய வழியைச்
சோப்புச் சில்லால் வரைந்திருக்கிறாள்: அலைகள்.

முன்பெல்லாம் அங்குலத்துக்குப் பத்துத் தையல்.
இப்போது ஆறு. நல்ல நாளில் எட்டு.
மார்ச்சில் ஒரு வாரம் மூன்றுதான்;
நண்டு நடந்த தடம்.
ஏப்ரலில் வீக்கம் வடிந்ததும்
அந்த வாரத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.
பிரித்துவிடலாமென்று உட்கார்ந்தாள்.
சின்னக் கத்தரியைக் கிள்ளிப் பிடித்து
நூலை நகத்தால் நெம்பி,
ஒரு தையல். அரை மணி கழித்து இன்னொன்று.
தைப்பதைவிடப் பிரிப்பதற்கு
அதிகம் விரல் வேண்டியிருந்தது.

காலி வீட்டில் சத்தமாகச் சிரித்துவிட்டாள்.
மார்ச் தப்பித்தது.

டெல்மர் திரும்பி வந்தால்
பூட்ஸைக் கழற்றும் முன்பே திரைச்சீலைக்குப் போவான்.
நூல் கோத்தபடியே நிற்கும் ஊசிகளை
உதடு அசைய எண்ணுவான்.
மார்ச்சில் ஐம்பத்திரண்டு நின்றன.
அன்று ஒன்றும் கேட்காமல்
அடுப்பில் தண்ணீர் வைத்தான்.

இந்தத் தடவை,
"பத்தொன்பது" என்றான், வாய்விட்டு.

"பதினெட்டாக இருந்திருக்கும்," என்றாள்.
"ஒரு காலைப்பொழுது
பிரிக்கிறேன் என்று வீணாய்ப் போச்சு."

தரையெல்லாம் அவன் பூட்ஸின் ஈரம்.
அதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள்.
அவன் அதற்குள் மேசையில் உட்கார்ந்து
ஒரு கண்ணை மூடியிருந்தான்.